கடன் கொடுத்த கொள்ளுத்தாத்தா

"ரெண்டுலயும் ஒரே ஆளுதான், வே!"

நெல்லைநாயகம் இரண்டு குடும்ப வரலாற்றுப் புத்தகங்களையும் விரித்து அச்சக மேசைமேல் போட்டார். "எனக்கும் சம்பந்தி வீட்டுக்கும் ஒரே கொள்ளுத்தாத்தான்னா, என் மவளும் அவுக மவனும் அண்ணன் தங்கச்சில்லா?"

இரண்டையும் எழுதிய டிகாராம் கண்ணாடியைத் துடைத்தார். ஏழாம் பக்கத்தில் அதே தலைப்பாகை, அதே மீசை, மன்னரிடம் நிலம் பெற்ற அதே பொன்னம்பலநாதர். ஆண்டு மட்டும் வேறு.

டிகாராமின் அப்பா நேபாளத்திலிருந்து வந்து சங்கரன்கோவில் கடைவீதிக்குக் காவல் நின்றவர். மகன் தபாலில் வரலாறு படித்து, மணிவிழாக்களுக்குக் குடும்ப வரலாறு எழுதலானார். முப்பது ஆண்டுகளில் இருபத்திரண்டு புத்தகங்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் மூதாதையரிடம் ஒரு மன்னர் வந்துபோயிருக்க வேண்டும். மன்னர் வராத வீட்டுக்கு ஜமீன்தாரை அனுப்பினார். அவரும் ஒத்துவராவிட்டால் ஒரு புலி. தங்கள் படம் உள்ள பக்கத்தைத் தாண்டி யாரும் படித்ததில்லை. நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலையோடு புத்தகங்களையும் மாற்றிக்கொண்டதில்தான் வினை வந்தது.

பின்னால் நின்ற மணப்பெண் மீனலோசினி, "உண்மையச் சொல்லிருங்க அண்ணாச்சி. கல்யாணத்துக்கு ஒம்பது நாளுதான் இருக்கு" என்றாள்.

சொன்னால் முப்பது ஆண்டுப் பெயர் போய்விடும். டிகாராம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து வைத்தார். அதே மீசை. நெற்றியில் திருநீறு இல்லை, இடுப்பில் குக்ரி என்ற வளைந்த கத்தி.

"இது என் தாத்தா. உங்க ரெண்டு வீட்டுலயும் பழைய படம் இல்லைன்னாங்க. ஸ்டுடியோவுல திருநீறு பூசி, ருத்ராட்சம் போட்டேன். பொன்னம்பலநாதர்னு ஒரு ஆளே கிடையாது."

மாப்பிள்ளையின் அம்மா ஆனந்தவல்லி நாற்காலியை விட்டு எழுந்தார். "பத்து வருசமா வெளக்கேத்திக் கும்பிடுதோம். கூர்க்காவையா கும்பிட்டோம்?"

"ஆமாம்மா."

நெல்லைநாயகம் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "மூக்கப் பாரும் மதினி. எங்க அப்பா மூக்கு அப்படியே இருக்கு."

"எங்க மவன் ஆனந்த்சங்கர் காதுல்லா இது!" என்றார் ஆனந்தவல்லி.

"நம்ம வீட்டுப் படத்தக் களவாண்டு, கத்தியச் செருகிட்டுக் கத விடுதீரா, வே?" என்று டிகாராமிடம் பாய்ந்தார் நெல்லைநாயகம்.

"அப்பா, அவருதான் ஒத்துக்கிடுதாரே!" என்றாள் மீனலோசினி.

"சும்மா கெட, ஏட்டி. தாத்தாவ விட்டுக்குடுக்கச் சொல்லுதியா?"

ஆனந்தவல்லியும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது நெல்லைநாயகத்தை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை; கணவரின் தம்பியைக் கூப்பிடுவதுபோல மச்சினரே என்றார்.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போன் செய்து தேதியை ரத்து செய்தார்கள். மீனலோசினி எட்டேகால் பஸ்ஸில் கடையநல்லூர் வங்கிக்கு வேலைக்குப் போனாள். ஆனந்த்சங்கர் லீவை ரத்து செய்துவிட்டுச் சென்னைக்குப் புறப்பட்டான். அச்சகத்துக்கு வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் தன் அப்பாவின் மணிவிழாவுக்குப் புத்தகம் வேண்டும் என்று வந்தார். டிகாராம் அவரை உட்காரச் சொல்லி, ஊரையும் பெயரையும் குறித்துக்கொண்டார்.