கதவைச் சாத்திவிட்டுக் கேட்டவள்

செவ்வாய்க்கிழமை காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சாராளின் மகள் எமிலியின் போன் வந்தது. "சித்தி, அம்மா போயாச்சு" என்றாள். அவள் அழுவதைக் கேட்டபடி நின்றேன். பஸ் பிடித்து பாறசாலையில் இறங்கி, சாராளின் வீட்டுப் படியேறும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அவளைக் கிடத்தியிருந்த அறையில் நிறையப் பேர் நின்றார்கள். இத்தனை பேரை உள்ளே விட்டிருக்கமாட்டாளே என்று நினைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

சாராள் சிஸ்டரின் கையில் பிள்ளை பெற்றவர்களும் புண் ஆறியவர்களும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கதவைச் சாத்தி, எதிரே உட்கார்ந்து, அவசரமில்லாமல் நோயாளியிடம் விசாரிக்கிற சாராளைத்தான் உங்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் அவள் அப்படி இல்லை. அப்படி ஆனதற்கு நான் ஒரு காரணம்.

நாங்கள் இருவரும் ஒரே வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்தோம். வராந்தாவில் மேசை போட்டு, வரிசையில் நிற்பவர்களிடம் உரக்கக் கேட்டு ரெஜிஸ்டரில் எழுதுவோம். பெயர், ஊர், என்ன தீனம், எத்தனை நாளாய். ஒருவருடைய நோய் வரிசை முழுவதற்கும் தெரிந்துவிடும். அதில் தவறு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. சாராள் என்னைவிட வேகம். பத்து மணிக்குள் வரிசையை முடித்துவிடுவாள்.

அப்போது எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மலையாளச் சீமையில் கிடந்த, தமிழ் பேசுகிற தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போவார்கள். போலீஸ் அடித்துக் கலைக்கும். அடிபட்டவர்கள் எங்களிடம் வருவார்கள் என்று தெரிந்து, பெயர் குறிப்பதற்காக வராந்தாவிலேயே ஒரு போலீஸ்காரனை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் ரெஜிஸ்டரில் அடிபட்டவர்களே இல்லாமல் போனார்கள். எல்லோரும் விழுந்தவர்கள்.

அப்படி ஒரு நாள் சாராளின் கணவர் தேவதாஸ் அண்ணன் வந்தார். சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தவர். அன்று சாராள் ஒரு பிரசவத்துக்காகக் காரக்கோணம் போயிருந்தாள். அண்ணனின் நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது.

"எப்படி அண்ணே?" என்று கேட்டேன்.

"கல்லு தட்டி விழுந்ததாக்கும்."

போலீஸ்காரன் மேசைக்கு அருகில் வந்து நின்றான். அண்ணனைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

"வேற எங்கயாவது நோவு உண்டா?"

"இல்ல."

இல்லை என்று எழுதினேன். ஆனால் அவருடைய இடது கை விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்தபடியே இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையை ரெஜிஸ்டருக்குள் குனிந்துகொண்டேன். நெற்றிக்குத் தையல் போட்டு அனுப்பினோம். மறுநாள் மத்தியானம் அவர் வீட்டில் மயங்கி விழுந்தார். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது டாக்டர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எமிலிக்கு அப்போது ஒன்பது மாதம்.

மூன்று வாரம் கழித்துச் சாராள் வேலைக்குத் திரும்பினாள். வந்ததும் ரெஜிஸ்டரைக் கேட்டாள். அந்த நாளின் பக்கத்தை எடுத்து, என் கையெழுத்தில் இருந்த அந்த வரியைப் படித்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"நீ கேட்ட கேள்வி சரியாக்கும், தங்கம்" என்றாள். "கேட்ட இடம் சரியில்ல."

அந்த வாரமே பஞ்சும் பாட்டிலும் அடைத்து வைத்திருந்த சிறிய அறையை ஒழித்தாள். நோயாளிகளை ஒவ்வொருவராக அங்கே வைத்து விசாரிக்க வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னாள். வரிசை நீளுமே என்று அவர் தயங்கினார். "ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கூடும் டாக்டரே. அந்த அஞ்சு நிமிஷம் அவங்களுக்கு வேணும்" என்றாள். அவர் மறுக்கவில்லை.

அந்த அறையில் அவள் எடுத்தவுடன் நோயைக் கேட்கமாட்டாள். நடந்தா வந்தது, வழியில் வெயிலா, வீட்டில் யார் உண்டு என்று தொடங்குவாள். தமிழில் பேசத் தொடங்கியவர் பாதியில் மலையாளத்துக்குப் போனால் இவளும் கூடவே போவாள். யாராவது ‘இல்லை’ என்றால் அடுத்த கேள்விக்குத் தாவமாட்டாள், காத்திருப்பாள். "சட்டுண்ணு இல்லண்ணு வெக்கம் சொல்லும், பேடி சொல்லும். நோவு இல்லாதவன் யோசிச்சிட்டுத்தான் சொல்லுவான்" என்பாள். பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். அதியன்னூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் நெஞ்சுக்குள் எறும்பு ஊருகிறது என்றார். நான் நெஞ்சுவலி என்று எழுதப் போனேன். "வலீண்ணு அவரு சொல்லல்லியே" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எறும்பு என்றே எழுதினோம்.

சில மாதங்கள் கழித்து அதே போலீஸ்காரன் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். இப்போது அவன் சீருடையில் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கடுமையான காய்ச்சல். எது கேட்டாலும் அவனே பதில் சொன்னான். நான் சாராளின் காதருகில், "இவன்தான் அண்ணைக்கு நிண்ணது" என்றேன்.

"தெரியும்" என்றாள். அவனிடம் திரும்பி, "நீங்க வெளிய நில்லுங்க" என்றாள். அவன் மறுபேச்சில்லாமல் போனான். அவள் கதவைச் சாத்தினாள்.

அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. தமிழ் நர்சுகள் போலீஸ்காரன் வீட்டுக்குத் தப்பான மருந்து கொடுத்துவிடுவார்கள் என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சாராள் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "பேடிக்கண்டா மோளே", பயப்படாதே மகளே என்று மலையாளத்தில் பேசத் தொடங்கினாள். அம்மா வீடு கோட்டுகாலிலா, தனியாகவா இருக்கிறாய் என்றெல்லாம் கேட்டாள். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். கணவன் பத்து நாள் வெளியூர்க் காவலுக்குப் போயிருந்தபோது நாலு மாதக் கரு கலைந்துவிட்டது. தன்னைக் குற்றம் சொல்வான் என்று பயந்து மறைத்துவிட்டாள். ரத்தம் இன்னும் நிற்கவில்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டோம். உள்ளே தங்கியிருந்ததை எடுத்துச் சுத்தம் செய்தார். அவள் பிழைத்துக்கொண்டாள்.

சாராள் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். அவள் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: "போகச் சொன்ன உடனே போயிட்டான் பாத்தியா. அண்ணைக்கும் ஆராவது சொல்லியிருந்தா போயிருப்பான் இல்லியா?"

"போயிருப்பான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லை பிரிந்தது. விளவங்கோடு சென்னைப் பக்கம் போனது. எங்கள் ஊர்கள் மலையாளப் பக்கமே நின்றன. அண்ணன் எதற்காக ஊர்வலம் போனாரோ அது அவருடைய ஊருக்குக் கிடைக்கவில்லை. சாராள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது வருஷம் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம், ஒன்றாய்ச் சாப்பிட்டோம். எமிலியின் கல்யாணத்தை முன்னின்று நடத்தினோம். அந்த நாளைப்பற்றி மட்டும் பேசவில்லை.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். மிகவும் மெலிந்திருந்தாள். எமிலி கடைக்குப் போயிருந்தாள். எனக்கு அதற்குமேல் தாங்க முடியவில்லை. "சாராள், அண்ணன் வயித்தப் பிடிச்சிட்டு நிண்ணத நான் கண்டேன். கண்டுட்டும் கேக்கல்ல" என்றேன்.

அவள் தலையை என் பக்கம் திருப்பினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "போகும்முன்ன மயக்கம் தெளிஞ்சப்ப அவரு சொன்னாரு. ‘நான் வயித்தப் பிடிச்சத தங்கம் பாத்துட்டா. போலீஸு நிக்கிறான், கேக்காதேண்ணு நான் அவளுக்குக் கண்ணக் காட்டினேன்’னாரு. அவளைத் திட்டாதேண்ணும் சொன்னாரு."

நான் அந்தக் கண்ஜாடையைப் பார்க்கவில்லை. அதற்குள் குனிந்துவிட்டிருந்தேன்.

"இத்தனை நாள் என்னத்துக்குச் சொல்லல்ல?"

"நீயா வாய் திறப்பேண்ணு இருந்தேன். திறக்காத ஆளை நான் நெருக்கமாட்டேன்லா" என்றாள். பிறகு, "அது எனக்க தப்பாக்கும், மக்கா. உங்கிட்ட நான்தான் முதல்ல கேட்டிருக்கணும்" என்று என் கையைத் தேடினாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் எமிலி என்னிடம் வந்தாள். "அப்பா போராட்டத்தில போனாருண்ணு மட்டும்தான் அம்மா சொல்லுவா. என்ன நடந்ததுண்ணு உங்களுக்குத் தெரியுமா சித்தி?"

எல்லாவற்றையும் சொன்னேன். விலாவைப் பிடித்த கையை, நான் எழுதிய வரியை, குனிந்த என் தலையை. ஒன்றையும் விடவில்லை.

"நீ அம்மாகிட்ட ஒருநாளும் கேட்டதில்லியா?" என்றேன்.

"இல்ல சித்தி. அழுவாண்ணு நினைச்சேன்."

சாராளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எனக்காக அவள் காத்திருந்த அத்தனை வருஷங்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எமிலியின் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"அழுதிருப்பா, மக்கா" என்றேன். "ஆனா சொல்லியிருப்பா."