பிள்ளையாருக்கு நேர்ந்த பியோனி

பியோனிப் பூவைப் பற்றி அழகழகாக எழுதியவர்களை நிறைய வாசித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் அதன் மொட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். மொட்டில் பிசுபிசுவென்று ஒரு தேன் கசியும்; அதை நக்க எறும்பு மொய்க்கும். பூ விரிந்தபின் ஒரு மழை போதும். தலைப்பாரத்தில் தண்டு சாய்ந்து, இதழ்கள் ஊறிய கடதாசிபோலப் பழுப்பாகிச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும்.

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கியது 1994 ஒக்டோபரில். பின்வளவு வேலியோரம், முன்பிருந்தவர்கள் விட்டுப்போன பியோனி ஒன்று நின்றது. அதுவரை அடுக்குமாடியில் காலம் தள்ளிய என் மனைவி, சொந்த மண்ணில் பூக்கும் முதல் பூ பிள்ளையாருக்கு என்று நேர்ந்துகொண்டாள். கடையில் வேறு செடி வாங்கி வைக்கலாமே என்றேன்.

"இது எங்களுக்கு முதலே இஞ்சை நிண்டது. இதுதான்," என்றாள்.

அவளுடைய அண்ணன் எங்கள் பேஸ்மென்ற்றில் இருந்தார். பிளாசாவில் உள்ள ஒரு கடையில் மீன் வெட்டும் வேலை. அடுத்த மே மாதம் செடி சிவப்பாய்த் தளிர்விட்டதும், மீன் குடலையும் செவுளையும் பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். எங்களைக் கேட்காமலே தண்டைச் சுற்றிக் குவித்து மண்ணால் மூடினார். ஊரில் கத்தரிக்கும் முருங்கைக்கும் செய்துவந்த பழக்கம். குப்பை கிளறித் தின்னும் ரக்கூன் விலங்குகள் இரவோடிரவாகக் கிண்டிப் புல்லெங்கும் இழுத்துப் போட்டுவிட்டன. வெயில் ஏற, குடல்களில் இலையான் மொய்த்தது. நான்தான் அள்ளினேன். காலையில் குடித்த தேநீர் அந்த வேலியோரமே வெளியே வந்தது.

மொட்டுகள் கடலையளவிலேயே கறுத்து, சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்து அழுகின. நூலகப் புத்தகம் ஒன்றில் காரணம் இருந்தது: பியோனியின் முளை மண்ணின் மேல்மட்டத்தை ஒட்டியே இருக்கவேண்டும், தண்டை மூடி எருப்போட்டால் அழுகும். மச்சானுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"எழுதினவன் மீன் தின்னாதவனாக்கும்," என்றார்.

மனைவி குறுக்கிட்டாள். "அண்ணை, உது சாமிக்கு நேர்ந்தது. இனி மச்சம் ஒண்டும் போடாதேங்கோ." மீன், இறைச்சி எல்லாம் எங்கள் பேச்சில் மச்சம். வெள்ளிக்கிழமைகளில் அவள் அதன் சட்டியைக்கூடத் தொடமாட்டாள்.

"ஓம் ஓம்," என்றார்.

இலையுதிர்காலத்தில் நோய்பிடித்த தண்டுகளை அடியோடு வெட்டி எறிந்தோம். குவிந்திருந்த மண்ணை அவள் கையாலேயே வழித்தெடுத்தாள். 1996 ஜூனில் மூன்று மொட்டு வந்தது. முதலாவது ஒரு வெள்ளிக்கிழமை விரிந்தது. அவள் முழுகி, விளக்கேற்றிவிட்டு வந்து, பூவை வெட்டி எறும்புகளை உதறினாள். அது அழகாக இருந்ததை நானும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மச்சான் தேநீரோடு படியேறி வந்தார்.

"பாத்தியே தங்கச்சி, என்ன பெருசு. என்ரை பசளை வீண்போகேல்லை."

"என்ன பசளை?"

"ஏப்ரலிலை ரெண்டு பாரைமீன் தலை தாட்டனான். கொஞ்சம் தள்ளி, நல்ல ஆழமாய். ரக்கூனுக்கும் தெரியாது, உன்ரை மனுசனுக்கும் தெரியாது."

"சாமிப் பூவுக்கோ அண்ணை?"

"ஊரிலை கோயிலுக்குப் பிடுங்கின செவ்வரத்தைக்கு நாங்கள் ஊத்தினது பன்னீரோ? மீன் கழுவின தண்ணி. பிள்ளையார் ஒருநாளும் மணந்து பாக்கேல்லை."

அவர் சொன்னதும் எனக்கு அந்தப் பூவில் செவுள் நாற்றம் அடித்தது. அவள் சமையலறை வாசலில், உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றாள். பிறகு பூவை அவரிடம் நீட்டினாள்.

"அப்ப இது உங்கடை பூ. உங்கடை அறையிலை வையுங்கோ."

"எறும்பெல்லே வரும்," என்றார். அவள் கையை மடக்கவில்லை. வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

மற்ற இரண்டு மொட்டுகளையும் அவளே வெட்டிக் குப்பையில் போட்டாள். என்னை மண்வெட்டி எடுத்துவரச் சொன்னாள். தலைகள் இரண்டும் கிடைத்தன; கண்கள் கரைந்து, தோல் சாம்பல் சளியாக மண்ணோடு இழுபட்டது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளினேன். பையை விரித்துப் பிடித்தவள் முகத்தைத் திருப்பவில்லை.

பிறகு மறுபடியும் முழுகிவிட்டு வந்து, வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு விளக்கின் முன் நின்றாள்.