சூசைமாணிக்கம் சாரின் ஊதாத் தாள்கள்

சூசைமாணிக்கம் சார் தங்கமான மனுஷர் என்று இன்றைக்கு ஊரில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அவரிடம் அடி வாங்காதவன் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் வாங்கியவன். ஐந்தாவது பாரத்தில், இன்றைய பத்தாம் வகுப்பில், அவர் கையில் புளியம் விளார் இல்லாத நாளே கிடையாது. வாக்கியத்தைப் பாதியில் விட்டால் முட்டியில் இரண்டு. நோட்ஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் முதுகில் ஆறு. அடியாத மாடு படியாது என்று சொல்லிக்கொண்டே அடிப்பார். அடித்து முடித்த பிறகு அவருக்குத்தான் மூச்சு வாங்கும்.

சேலத்துக் கிறிஸ்தவர். ஓமலூருக்கு மேற்கே இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கு 1933-ல் இங்கிலீஷ் வாத்தியாராக வந்தார். கூடவே அவர் மனைவி தெரசம்மாளும் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தகரத் தட்டும் வந்தன. அந்த வருஷம் எங்களுக்கு ஒரு இங்கிலீஷ் நாவல் பாடம். நாற்பத்திரண்டு பையன்களுக்கு இருந்ததோ ஒரே புத்தகம். சார் முதல் நாளே பேனாக்கத்தியால் அதன் முதுகைக் கிழித்தார். ஹெட்மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஊசி நூலால் தைத்து, பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்தார். ஒரு பெஞ்சு படித்ததை எழுந்து நின்று அடுத்த பெஞ்சுக்குச் சொல்ல வேண்டும். சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டி, கதையில் வரும் ஒவ்வொரு ஆளின் பேரையும் அட்டையில் எழுதி, கருவேல முள்ளால் குத்தித் தொங்கவிட்டிருந்தார். கதையில் செத்தவனுடைய அட்டையை அன்றைக்கே கழற்றிவிடுவார்.

கதை நடப்பது பனி கொட்டும் ஒரு சீமைக் கிராமத்தில். நாங்கள் பனியை எங்கே கண்டோம்? சார் ஒரு கூடைப் பருத்தியை மேசைமேல் கொட்டி, "இதுதாண்டா பனி. கையை வச்சா சுடாது, கடிக்கும்" என்றார். அன்றைக்கு எல்லோரும் கையை வைத்துப் பார்த்தோம்.

தகரத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வச்சிரப் பசையும் கிளிசரினும் காய்ச்சி அதில் ஊற்றி ஆறவைத்திருப்பார். ஊதா மையில் ஒரு தாள் எழுதி அதன்மேல் அழுத்தி எடுத்தால் எழுத்து பசையில் இறங்கிவிடும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டியதுதான். முதல் தாள் பளிச்சென்று இருக்கும். போகப்போக வெளிறி, நாற்பதாவது தாளில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். முதல் தாள் எப்போதும் முதல் பெஞ்சில் இருந்த எனக்குத்தான் வரும். நான் பண்ணைக்காரர் கருப்பண்ணனின் மகன் அர்த்தநாரி. எங்கள் ஊரில் மழைகூட எங்கள் வயலைக் கேட்டுக்கொண்டுதான் பெய்யும் என்று கேலி பேசுவார்கள். மெதுவாகத்தான் பேசுவார்கள்.

வாரம் ஒரு கட்டுரை உண்டு. எது நன்றாக இருக்கிறதோ அதைச் சாரே தன் கையால் எழுதி, நாற்பத்திரண்டு தாள் ஒற்றி, எல்லோருக்கும் கொடுப்பார். அந்தத் தாள் வந்த சாயங்காலமெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் விசேஷம். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்காருவார். பண்ணையாட்களும் பங்காளிகளும் சுற்றி நிற்பார்கள். நான் இங்கிலீஷில் உரக்கப் படிப்பேன். ஒருவருக்கும் ஒரு எழுத்தும் புரியாது. எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்பாதான் எல்லோருக்கும் மேலாக ஆட்டுவார். பிறகு, "இப்பத் தமிழ்ல சொல்லு சாமி" என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

டிசம்பர் மாதம் சார் ஒரு கட்டுரை கொடுத்தார். நாவலில் இல்லாத ஒரு அத்தியாயத்தை நீங்களே எழுத வேண்டும், அதே ஊர், அதே பனி, ஆட்கள் புதிது. என் அத்தியாயத்தில் நான் ஒரு குதிரை வண்டி ஓட்டினேன். முட்டியில் இரண்டு வாங்கினேன். கடைசி பெஞ்சு தீர்த்தகிரி எழுதியதைப் படித்துவிட்டுச் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மறுநாள் அது ஊதாத் தாளாக எங்கள் கைக்கு வந்தது.

தீர்த்தகிரிக்கு அப்பா இல்லை. மூன்று மாதத்துக்கு முன், புரட்டாசியில், அவன் அப்பா சென்றாயன் கிணற்றில் விழுந்து செத்துப்போனார். மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது வடக்கயிறு அறுந்து உள்ளே விழுந்ததாகக் கிராம முன்சீப் எழுதிக்கொடுத்தார். ஊரும் ஒப்புக்கொண்டது. அந்தக் கிணறும் இரண்டு ஏக்கர் நிலமும் எங்கள் வயலுக்கு நடுவில் இருந்தன. அப்பா அவற்றைப் பலமுறை விலைக்குக் கேட்டதும் சென்றாயன் தரமாட்டேன் என்றதும் எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் யோசித்ததில்லை.

அன்று சாயங்காலம் வாசலில் நின்று படித்தேன். ஜான் என்று ஒரு குடியானவன். பனி கொட்டுகிறது. கொட்டும் பனியில் அவன் இரண்டு மாடு கட்டிக் கவலை இறைக்கிறான். சீமையில் ஏதடா கவலை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் தமிழில் சொன்னேன். "மூணு பேரு வாராங்க. ஒருத்தனுக்குப் பாதிக் காதுதான். அவன் கடப்பாரையால ஜானோட பொடனியில அடிக்கிறான். ஜான் முட்டி போட்டு விழறான். எம் பையன் பொடியனுங்க, உட்டுருங்கன்னு கும்பிடறான். ரெண்டாவது அடியில மண்டை தெறிக்குது. பனியெல்லாம் சிவப்பாப் போவுது. தூக்கிக் கெணத்துல போடறாங்க. அப்புறந்தான் கயித்த அருவாளால அறுக்கறாங்க. பையன் பனமரத்து மேலிருந்து பாக்கறான்."

யாரும் தலையாட்டவில்லை. எல்லோரும் எங்கள் பண்ணையாள் வீரபாகுவைப் பார்த்தார்கள். வீரபாகுவுக்கு இடது காது பாதிதான். அப்பா கட்டிலிலிருந்து மெதுவாகக் காலைத் தொங்கப்போட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"எழுதுனது யாரு சாமி?" என்றார் அப்பா, அன்பாகத்தான். நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். மறந்துவிட்டது என்றிருக்கலாம். ஆண்பிள்ளை என்று மீசையை முறுக்கித் திரிந்த எனக்கு அந்தப் பேரை விழுங்கத் திராணி இல்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வீரபாகு தேடிப் போனபோது தீர்த்தகிரி வீட்டில் இல்லை. அன்றைக்குத் தட்டைக் கழுவும் முறை அவனுடையது. சார் வீட்டில் இருந்தான். அவன் அம்மா சின்னாயியை வீரபாகு முடியைப் பிடித்து ஆட்டுக்கல்லில் மோதினான். நெற்றி பிளந்தது. அவன் வைக்கோற்போரில் பையனைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் காட்டு வழியாக ஓடிச் சார் வீட்டில் போய் விழுந்தாள். நடந்ததை எல்லாம் எனக்குப் பின்னாளில் சொன்னது தெரசம்மாள்தான்.

"கதைன்னு நெனச்சேனேடா!" என்று சார் தன் தலையில் அடித்துக்கொண்டாராம். "உங்க அப்பா செத்த துக்கத்துல நீ எழுதினதுன்னு நெனச்சேனே. நிசம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"முன்சீப்புகிட்டச் சொன்னோமுங்க. மனு எழுதறவங்ககிட்டச் சொன்னோமுங்க. பண்ணைக்காரரு பேரக் கேட்டதும் பேனாவை மூடிட்டாங்க. இங்கிலீசுல எழுதுனா நீங்களாச்சும் வெள்ளைக்காரத் தொரைகிட்டக் குடுப்பீங்கன்னு நெனச்சனுங்க" என்றான் தீர்த்தகிரி.

சார் என்ன செய்திருந்தார்? எழுத்துப் பிழை திருத்தி, அழகாகப் படியெடுத்து, கொன்றவன் வீட்டுக்கே முதல் தாளை அனுப்பியிருந்தார். படித்தவன் செய்யும் முட்டாள்தனத்தைப் படிக்காதவன் செய்ய முடியாது. அவர் கண்ணில் பட்டது வாக்கியம் மட்டும்தான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் தாயையும் மகனையும் சேலத்துக்கு அனுப்பிவைத்தார். மாதா கோயில் சாமியார் வீட்டில் இருக்கச் சொன்னார். பிறகு குளித்து, கோட்டை மாட்டிக்கொண்டு, மணிக்குச் சரியாகப் பள்ளிக்கு வந்தார். அவரும் ஓடியிருக்கலாம். வகுப்பில் இன்னும் நாற்பத்தொரு பேர் இருந்தோம், எங்கள் எல்லோர் கையிலும் ஆபத்தான அந்தத் தாள்கள் இருந்தன. அவற்றை வாங்கி எரித்துவிட வேண்டும் என்று வந்தவர் அவர்.

அப்பா முந்திக்கொண்டார். வீரபாகுவும் இன்னும் நாலு பேரும் கூட வந்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா என்னிடம், "எல்லாத் தாளையும் வாங்கி எண்ணு சாமி" என்றார். நான் பெஞ்சு பெஞ்சாகப் போய் வாங்கி எண்ணினேன். நாற்பத்தொன்று. தீர்த்தகிரியுடையது மட்டும் இல்லை.

"வாத்தியாரே, எம் பையனுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். எம்மேல கதை கட்டறதுக்கு இல்லீங்க" என்றார் அப்பா.

"பையன் எங்கீங்க?" என்றான் வீரபாகு. அவன் கையில் பள்ளி மணி அடிக்கும் இரும்புக் கம்பி இருந்தது.

"தெரியாதப்பா."

இரண்டு பேர் சாரின் வலது கையை மேசைமேல் விரித்து அழுத்தினார்கள். பருத்தி கொட்டிக் காட்டிய அதே மேசை. முதல் அடியில் சார், "அம்மா" என்று அலறினார். "எங்கீங்க?" என்றான் வீரபாகு. மரியாதை குறையாமல் கேட்டான், கேட்டுக் கேட்டு அடித்தான். மூன்றாவது அடியில் எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. சுண்டுவிரல் புறங்கைப் பக்கமாக மடங்கிக் கிடந்தது. இரத்தம் மேசை விளிம்பிலிருந்து என் பெஞ்சின்மேல் சொட்டியது. அவர் வீரர் எல்லாம் இல்லை. அழுதார், கெஞ்சினார், வேட்டியிலேயே மூத்திரம் போனார். ஆனால் பையன் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லவில்லை. ஐந்தாவது அடியில் மயங்கி விழுந்தார். விழுந்தவரின் விலாவில் ஒருவன் உதைத்தான். வீரபாகு தகரத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். ஊதாப் பசை துண்டு துண்டாகத் தரையெங்கும் சிதறியது.

வாத்தியார் படியில் வழுக்கி விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. நாற்பத்தொரு பையன்களும் ஒன்றையும் பார்க்கவில்லை என்றோம். தீர்த்தகிரி தன் தாளோடு சேலத்தில் சப் கலெக்டரைப் பார்த்தான். அது கடைசித் தாள், பாதி எழுத்து தெரியவில்லை. தெரிந்த பாதியில் பனி பெய்தது. இது பள்ளிக்கூடத்துக் கதை, சாட்சி இருந்தால் அழைத்து வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அப்பா சோற்றைப் பிசைந்து தின்பதைப் பார்க்கும்போதெல்லாம் அருவருத்து எழுந்து போனேன். அவர்மேல் பாசமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் தூங்காமல் கிடந்தேன்.

மாசியில் சார் திரும்பி வந்தார். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே சுருண்டு போயிருந்தது. இடது கையால் கரும்பலகையில் எழுதினார். அ எழுதப் பழகும் குழந்தையின் கோணல் எழுத்து. தலைப்பு, நான் கண்ணால் கண்டது. "பேரை மாத்தக் கூடாது. பனி வேண்டாம்" என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லோரும் மாரியம்மன் பண்டிகையையும் மாட்டுச் சந்தையையும் எழுதினார்கள். நான் மேசையை எழுதினேன். கம்பியை, வீரபாகுவை, அப்பாவை எழுதினேன். வாசலில் கதை படித்ததையும், அப்பா "எழுதுனது யாரு சாமி" என்று கேட்டதையும், அன்றிரவு அவரும் வீரபாகுவும் சென்றாயனைக் கிணற்றில் போட்டதைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்ததையும் எழுதினேன்.

மறுநாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. "யாருக்குடா எழுதின இதை?"

"உங்களுக்குத்தான் சார்."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே." சுருண்ட கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். "இதை நான் படியெடுக்க மாட்டேன். யாருக்கும் அனுப்ப மாட்டேன். ஒரு தடவை செஞ்சது போதும். இது உன்னோடது."

ஓமலூரில் சப் கலெக்டர் முகாம் போட்ட அன்று நானே நடந்து போய்க் கொடுத்தேன். அப்புறம் ஆறு பையன்களுக்கு வாய் வந்தது. சென்றாயன் கிணற்றின் வடக்கயிறு அப்போதிருந்தே போலீஸ் தாணாவில் கிடந்தது. அறுந்த முனை அருவாளால் வெட்டிய முனை என்று டாக்டரே சொன்னார். வீரபாகுவைத் தூக்கில் போட்டார்கள். அப்பாவுக்கு ஆயுள். என் அம்மா அதற்குப் பிறகு இருபது வருஷம் உயிரோடு இருந்தாள், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சூசைமாணிக்கம் சார் ஆத்தூருக்கு மாற்றலாகிப் போய், அங்கே புதிதாக ஒரு தட்டு செய்து, இடது கையாலேயே ஒற்றிக்கொண்டிருந்து, 1946-ல் காய்ச்சலில் செத்தார். புளியம் விளாரை மட்டும் பிறகு அவர் தொடவே இல்லை என்றார்கள்.

வழக்கு நடந்தபோது சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் வெள்ளைக்கார ஜட்ஜ் என் கட்டுரையை என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். பின்வரிசையில் சார் துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றவாளிக் கூண்டில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்தும் புரியாமல், வாசலில் கட்டில்மேல் உட்கார்ந்து கேட்ட நாளில் போலவே, என் இங்கிலீஷுக்கு மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். படித்து முடித்து அவர் முகத்தைப் பார்த்தேன். தமிழில் சொல்லு சாமி என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.