புவனா எழுதிய ‘பொறு’

செடெனாக் சாலையில் மழைக்காக வண்டியை ஓரங்கட்டியிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே செம்பனை மரங்கள் கரைந்துகொண்டிருந்தன. அப்போதுதான் புவனாவின் தம்பி அழைத்தார்.

“அண்ணே, அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே.”

மழை விட்ட பிறகும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

புவனேஸ்வரியும் நானும் ஒரு மரச்சாமான் கிடங்கில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தோம். மெதுவாகப் பேசுவார். பேச்சின் நடுவே, வேறெங்கோ இருப்பவர்போல் புன்னகைத்து நிறுத்திவிடுவார்.

கட்டில் ஒன்று பல பெட்டிகளாக வரும். கணினி அட்டவணையில் பெட்டிக்கு ஒரு வரி. ஒருமுறை கால்கள் வந்து சேராமலே ஒரு கட்டில் குளுவாங்கில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. கல்யாணமான அன்றே புதுத்தம்பதி தரையில் படுத்தார்கள். நாங்கள் சிரித்தோம், புவனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதுவரை எங்கள் ஃபார்முலா அந்தந்த வரியை மட்டும் பார்த்தது. பெட்டி வந்துவிட்டால் ‘போகலாம்’. புவனா எழுதிய புது ஃபார்முலா, அதே ஆர்டர் எண் உள்ள எல்லா வரிகளையும் தேடி, வராத பெட்டிகளை எண்ணியது. ஒன்று குறைந்தாலும் அந்த ஆர்டரின் அத்தனை வரிகளிலும் ‘பொறு’ என்று காட்டியது.

“வந்த பெட்டிக்கும் எதுக்குங்க ‘பொறு’?” என்று கேட்டேன்.

“தனியா போய் அது என்ன செய்யும் குமார்? கட்டில் ஆகாதுலா.”

அவருடைய ஊரான யோங் பெங்கில் வெள்ளம் வந்தபோது, பள்ளி மண்டபம் ஒன்று நிவாரண மையமானது. நாங்கள் இருவரும் உதவிக்குப் போனோம். சாலை எது, ஆறு எது என்று தெரியவில்லை. தண்ணீருக்குள் இன்னொரு செம்பனைத் தோட்டம் தலைகீழாக நின்றது. லாரிகள் ஓசையில்லாமல் மிதந்து வருவதுபோல் வந்தன.

புவனா மடிக்கணினியில் தம் ஃபார்முலாவைப் போட்டார். ஆளுக்கு ஒரு வரி. ஆர்டர் எண்ணுக்குப் பதில் வீட்டு எண். முதலில் வருபவரிடம் கேட்டு, வீட்டிலுள்ள எல்லாரையும் எழுதிவிடுவார். ‘போகலாம்’ என்ற சொல்லை மட்டும் ‘எல்லாரும் இருக்காங்க’ என்று மாற்றியிருந்தார்.

மாலையில் தோட்டத்து லாரி கடைசி நடை முடித்து நின்றது. லெட்சுமி என்ற பெண்மணியும் கணவரும் இரு மகள்களும் வந்தாயிற்று. ஆனால் நால்வர் வரியிலும் ‘பொறு’. அந்த வீட்டின் ஐந்தாவது வரி ரஹீம், பின்னறையில் தங்கியிருந்த வங்காளதேசத் தொழிலாளி. பெரிய மகள் சொல்லி எழுதிய பெயர்.

“அவரு கம்பெனி லாரியில போயிருப்பாரு,” என்றார் லெட்சுமி.

மையத்தைக் கவனித்துக்கொண்டவர் திரையைக் குனிந்து பார்த்தார். “அவரு குடும்பமில்லையே. வேற வீட்டு நம்பர் போடுங்க, சரியாயிடும். லாரிய விடணும்.”

புவனா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நம்பர மாத்திடலாம் சார். ஆளு எங்க இருக்காருன்னு நமக்குத் தெரியாதே. கம்பெனிக்கு ஒரு போன் போடுங்க.”

போட்டார்கள். ரஹீம் கம்பெனி லாரியில் ஏறவேயில்லை. “அலமாக்!” என்று தோட்டத்து லாரி ஓட்டுநர் தலையில் கைவைத்தார். மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார்.

அந்தக் காத்திருப்பு இன்றும் எனக்குக் கனவுபோல்தான் இருக்கிறது. தகரக் கூரையில் மழை. பாய்களில் யார் யாருடைய பிள்ளைகளோ சேர்ந்து தூங்கின. லெட்சுமி சோற்றைத் தொடவில்லை. “நான்தான் அவர கொட்டகையில ஆட்டை அவுத்துவிடச் சொன்னேன்,” என்று புவனாவிடம் முணுமுணுத்தார். புவனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருட்டும் நேரத்தில் தண்ணீரின் மேல் ஒரு வெளிச்சம் அசைந்து அசைந்து வந்தது. கொட்டகைக் கூரையில் ஒண்டியிருந்த ரஹீம், நெஞ்சோடு அணைத்த ஆட்டுக்குட்டியுடன் லாரியிலிருந்து இறங்கினார். சின்ன மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். புவனா ரஹீமின் வரியில் ‘வந்தார்’ என்று தட்டினார். ஐந்து வரிகளும் ஒரே நேரத்தில் ‘எல்லாரும் இருக்காங்க’ என்று மாறின. அவர் திரையைப் பார்க்கவில்லை, லெட்சுமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அலுவலக நண்பர்கள் சேர்ந்து மெர்சிங் கடற்கரைக்குப் போனோம். புவனா மல்லாந்து மிதந்தார். கண்கள் மூடியிருந்தன.

“காது தண்ணிக்குள்ள இருந்தா ஊரே தூரமாயிடுது குமார். ரொம்ப நல்லாயிருக்கு,” என்றார்.

அலை அவரைக் கொஞ்சம் எடுத்துப்போயிற்று, கொஞ்சம் கொண்டுவந்தது. கரையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. இருந்தும் அவரை எழுப்ப எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

இப்போதும் உங்களை எழுப்ப மனம் வரவில்லை, புவனா. மிதந்துகொண்டிருங்கள்.