ரிலீவர் இல்லாத தசை

ஏழாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணிக்கு முந்தைய பீரியடில், நான் சீக்கிரமே சாகப்போகிறேன் என்பது எனக்குத் தெரியவந்தது. சொன்னவர் அறிவியல் டீச்சர். அவர் மேல் குற்றமில்லை. அன்றைய பாடம் தசைகள்.

நெய்வேலியில் எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேரின் அப்பாக்கள் சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவர்கள். டீச்சரும் அதற்கேற்றபடிதான் பாடம் நடத்துவார். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது என்றார். கையை மடக்கினால் முன்பக்கத் தசை சுருங்கும், பின்பக்கத் தசை தளர்ந்து கிடக்கும். நீட்டினால் பின்பக்கம் வேலைக்கு வரும், முன்பக்கத்துக்கு ஓய்வு. உங்கள் அப்பாவும் அவருடைய ரிலீவரும் மாதிரி என்றார்.

ரிலீவர் என்றால் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஷிப்ட்காரர் நேரில் வந்து நின்றால்தான் இந்த ஷிப்ட்காரர் இடத்தை விட்டு நகரலாம். அவர் வராவிட்டால் அவருடைய எட்டு மணி நேரமும் இவர் தலையில்தான்.

எலும்போடு ஒட்டிய வரித்தசை நாம் சொன்னால் கேட்கும், குடலில் இருக்கும் வரியில்லாத தசை நம்மைக் கேட்காமலே வேலை செய்யும் என்று சொல்லிவிட்டுக் கடைசியாக இதயத்தசைக்கு வந்தார். "அதுக்கு மட்டும் ரிலீவரே கிடையாது. பிறந்ததுலேர்ந்து ஒரே ஆளு."

அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே அது துளி ஓய்வெடுத்துக்கொள்ளும் என்பதாகத்தான் இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை விளையாட்டுப் பீரியடில் எல்லோரும் மைதானத்தைச் சுற்றி ஓட, நான் மாப்பிள்ளை அழைப்பு வேகத்தில் நடந்தேன். பி.டி. மாஸ்டர் காரணம் கேட்டார். "இதயத்த மிச்சம் பிடிக்கிறேன் சார்" என்றேன். முட்டி போடச் சொன்னார். போட்டேன். ஓட மட்டும் மாட்டேன் என்றேன். முட்டி போட்டபடியே மூச்சை அடக்கிப் பார்த்தேன், உள்ளே அதற்கு டீ குடிக்க நேரம் கிடைக்கட்டும் என்று. சனியன், முன்னைவிட வேகமாக அடித்தது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. அப்பாவுக்குச் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டில் இரண்டாம் ஷிப்ட், மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. முந்தின இரவு அவருடைய ரிலீவர் வராததால் மூன்றாம் ஷிப்டையும் பார்த்துவிட்டு விடிந்துதான் வீட்டுக்கு வந்தார். அந்த வாரத்தில் அது இரண்டாவது முறை. பகலில் அப்பா தூங்கினால் எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய்கூட அடக்கமாகத்தான் சொட்டும். பதினோரு மணி வாக்கில் உள்ளேயிருந்து ஓர் அலறல். ஓடிப் பார்த்தால், அப்பாவின் கெண்டைக்கால் சதை எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு தோலுக்கடியில் துள்ளிக்கொண்டிருந்தது. அம்மா கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கணக்கு சட்டென்று விளங்கிவிட்டது. காலில் இருப்பதும் தசை, நெஞ்சில் இருப்பதும் தசை. காலில் பிடித்தால் கட்டைவிரலை இழுக்கலாம். நெஞ்சில் பிடித்தால் எதை இழுப்பது?

ஷிப்ட் பஸ் ஒரு மணிக்கு. பன்னிரண்டே முக்காலுக்கு நான் அப்பாவின் சேஃப்டி பூட்ஸில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்த பலாமரத்தில் ஏறிவிட்டேன். பூட்ஸ் இல்லாமல் சுரங்கத்துக்குள் விட மாட்டார்கள்.

அப்பா ஒற்றை பூட்ஸோடு நொண்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். "ஏல, எறங்கு."

"மாட்டேன். நீங்க இன்னைக்குப் போகக் கூடாது."

"வெளையாடாத. அங்க ஒருத்தரு எனக்காக நிக்காருல."

"நிக்கட்டும்" என்றேன்.

பெரிய வீரன்தான். கிளையைக் கட்டிப்பிடித்திருந்த கைகள் வெடவெடத்தன, அவை நான் சொன்னால் கேட்கும் தசைகள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வயிற்றுக்குள் என்னைக் கேட்காத தசைகள் காலையில் தின்ற இட்லியை அம்மியில் போட்டு அரைத்தன. நான் மிச்சம் பிடித்து வைத்திருந்த இதயமோ பத்து நாள் துடிப்பை அந்தப் பத்து நிமிடத்தில் செலவழித்தது. மைதானத்தைச் சுற்றி ஓடியிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. ஆனாலும் இறங்கவில்லை.

அப்பா மரமேறப் பார்த்தார். இரண்டாவது கவைக்குக் கால் வைத்ததும் கெண்டைக்கால் மறுபடி பிடித்துக்கொண்டது. அப்படியே சரிந்து வேரில் உட்கார்ந்துவிட்டார். பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. ஜன்னலிலிருந்து யாரோ, "இன்னாங்க, புள்ள மரத்துமேல தர்ணா பண்ணிக்கினு கீறானா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

அப்பா என்னை அடிக்கவில்லை. தெம்பில்லையோ என்னவோ. பஸ் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்ப் படுத்தார். விளக்கு வைக்கும்வரை அசையாமல் தூங்கினார். நான் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காவல் இருந்தேன். நெய்வேலியில் அதுவரை நடந்த வேலைநிறுத்தங்களில் கோரிக்கை முழுதாக நிறைவேறியது என்னுடையது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். பூட்ஸோடுதான் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது பூட்ஸ் இல்லை. அப்பாவும் இல்லை. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் இரண்டுக்கும் சேர்த்து விடிவதற்கு முன்பே போய்விட்டார் என்றாள் அம்மா. வயிறு எரிந்தபடி வெளியே வந்தால், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமா வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர். அப்பா பார்க்கும் அதே கன்வேயரில் முதல் ஷிப்ட். அந்த நேரத்துக்கு அவர் சுரங்கத்தில் இருக்க வேண்டும். இங்கே அத்தை அவர் கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, நேத்து அப்பா நல்லா தூங்கனாரா?"

"தூங்கினாரு."

"தூங்கட்டும், தூங்கட்டும். நான் வூடு வந்து சேரவே ராத்திரி பதினொண்ணு ஆச்சு." அத்தை ஓர் இடத்தை அழுத்த, முகத்தைச் சுளித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க மட்டும் ஜாலியா வீட்ல இருக்கீங்க. எங்கப்பா மட்டும் ரெண்டு ஷிப்ட் பாக்கணுமா மாமா?"

அத்தையின் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாமா சிரித்தார். "நான் இன்னா பண்றது? உங்கப்பாதான் வெடிகாலைல வந்து, நீ வூட்லயே கெட, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அத்தை மறுபடி நீவத் தொடங்கினார். அவர் விரலுக்கடியில் எலுமிச்சம்பழ அளவில் ஏதோ உருண்டு ஓடியது. அம்மா ஒரு தூக்கு நிறையக் குழம்பு கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்துவிட்டு, கண்ணை நிமிர்த்தாமல் திரும்பினாள். எல்லோரும் சேர்ந்து என் போராட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்ற கோபத்தில் உள்ளே போய் வீட்டுப்பாட நோட்டை எடுத்தேன்.

முழங்கை படம் போட வேண்டும். போட்டேன். எலும்புக்கு இந்தப் பக்கம் ஒரு தசை தளர்ந்து நீளமாகக் கிடந்தது. அந்தப் பக்கம் இன்னொன்று சுருண்டு பந்தாக நின்றது. இரண்டுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினேன். டீச்சர் பத்துக்குப் பத்து போட்டார்.