மாசில்லாக் குழந்தையின் ஒருநாள் ஆட்சி

டிசம்பர் இருபத்தைந்தாம் தேதியோடு மற்றவர்கள் வீட்டில் நத்தார் முடிந்துவிடும். மோர்டனில் இருந்த எங்கள் வீட்டில் அன்றுதான் தொடங்கும். அப்பாவைப் பொறுத்தவரை பாலன் பிறந்தது வெறும் முன்னுரை. அதற்குப் பிறகு புனித முடியப்பர், புனித அருளப்பர் என்று மூன்று ராசாக்கள் வந்து சேரும்வரை வரிசையாகத் திருநாள்கள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் சிந்தனைகள் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தை அந்த வருடம் அவர் கோயில் வாசலில் இருந்து எடுத்து வந்திருந்தார். ஆங்கிலப் புத்தகம். காலைச் சாப்பாட்டுக்கு முன் எங்களை வரிசையில் இருத்தி, வாசிக்க வாசிக்கவே தமிழாக்குவார். அந்தத் தமிழைவிட ஆங்கிலமே எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

முடியப்பர் திருநாளன்று, தன்மேல் கல்லெறிந்தவர்களை அந்தப் புனிதர் சாகும்போதும் மன்னித்ததைப் பற்றி அப்பா உருக்கமாக வாசித்தார். அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கேட்டுதோ?"

"ஆரைக் கேக்கிறாய்?" என்றார் அப்பா.

"பிள்ளையளைத்தான்."

இருபத்தெட்டாம் தேதி மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது மன்னன் பெத்லகேமின் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன கதையை அப்பா வாசித்து முடித்தார். அடுத்த பந்தி, பழைய காலத்து வழக்கம் ஒன்றைப் பற்றியது. அந்த நாளில் கன்னியர் மடங்களில் ஆக இளைய சகோதரி தலைவியின் கதிரையில் இருப்பாராம். வீடுகளிலும் அன்று முழுக்கக் கடைசிப் பிள்ளை சொன்னதுதான்... அப்பா அந்த இடத்தில் நிறுத்தி, பக்கத்தைத் திருப்பப் பார்த்தார். பதின்மூன்று வயது அண்ணா புத்தகத்தைப் பறித்து மிச்சத்தை வாசித்தான். கடைசிப் பிள்ளை சொன்னதுதான் சட்டம்.

எனக்கு அப்போது எட்டு வயது. நான்தான் கடைசிப் பிள்ளை.

செபத்தில் வாசித்ததை இல்லையென்று சொல்கிற ஆள் இல்லை அப்பா. அவர் கதிரையை விட்டு எழும்பினார். நான் ஏறி இருந்தேன். முதல் கட்டளை, காலைச் சாப்பாட்டுக்கு நத்தார் கேக். இரண்டாவது, அண்ணாவின் வீடியோ விளையாட்டுக் கருவி மாலைவரை எனக்கு. மூன்றாவது, அப்பா இனிச் சிந்தனை வாசிக்கக் கூடாது. அதை மட்டும் மறுபரிசீலனை செய்யும்படி அப்பா பணிவாகக் கேட்டுக்கொண்டார். நான் செய்யவில்லை.

பத்து மணிக்குள் எனக்குக் கட்டளைகள் தீர்ந்துபோயின. கேக் தின்று வயிறும் ஒரு மாதிரி இருந்தது. அம்மா என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"வேறை ஒண்டும் வேண்டாமோ, குஞ்சு? சித்தி பொரிக்கிற ரோல்ஸ் எல்லாம் மறந்துபோச்சோ?"

மறந்துதான் போயிருந்தது. இரண்டு வருடமாக நாங்கள் நகரத்தின் மறுகோடியில் உள்ள இல்ஃபோர்ட்டுக்குப் போகவில்லை. அங்கே இருப்பது அப்பாவின் ஒரே தம்பி. சித்தப்பாவுக்கு வேலை அதிகம் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் நடந்ததை நான் மேசைக்குக் கீழே இருந்து பார்த்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் சித்தப்பா, கிற்றாரும் டிரம்மும் அடிக்கிற புதுச் செப மண்டபம் ஒன்றுக்குப் போகத் தொடங்கியிருந்தார். நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் பாலன் குடிலைப் பார்த்து, "அண்ணை, இந்தப் பொம்மையளுக்கு முன்னாலையோ முழங்காலிலை நிக்கிறியள்?" என்று கேட்டுவிட்டார். அப்பாவின் கையில் அப்போது புனித சூசையப்பர் இருந்தார். அப்பா சொன்ன பதில் எந்தத் திருநாளின் சிந்தனைப் புத்தகத்திலும் இருந்திருக்காது. சித்தப்பா கோட்டைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

நான் கதிரையில் ஏறி நின்று அறிவித்தேன். எல்லாரும் சித்தப்பா வீட்டுக்குப் போகவேண்டும். ரோல்ஸ் சாப்பிட வேண்டும்.



"அது ஏலாது, பிள்ளை. சரியான தூரம்," என்றார் அப்பா.

அண்ணா புத்தகத்தை எடுத்து அந்தப் பந்தியை மறுபடி வாசித்தான். தூரத்துக்கு விதிவிலக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

காரில் அப்பா நிபந்தனைகளைச் சொன்னார். வாசலில் நின்று வாழ்த்துச் சொல்வோம், ரோல்ஸ் தந்தால் கையில் வாங்குவோம், திரும்பிவிடுவோம், தான் சப்பாத்தைக் கழற்றப் போவதில்லை. அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். ஆற்றுக்குக் கீழே போகிற சுரங்கத்தில் கார்கள் நெருக்கியடித்து நின்றபோது, அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்து "நத்தார் வாழ்த்துகள்" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்று கடுமையாக, ஒன்று பொதுவாக. மூன்றாவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிவிட்டார்.

சித்தப்பாதான் கதவைத் திறந்தார். கையில் ஒரு மண்ணிற நாய்க்குட்டி.

அப்பா மூன்று வாழ்த்துகளையும் மறந்துபோனார்.

"உனக்கு நாயெண்டால் பயமல்லோ?" என்றார்.

"இப்ப இல்லை, அண்ணை."

ஊரில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு வீட்டு வளவில் நாய் இருந்ததாம். அந்த வளவு தாண்டும்வரை சித்தப்பா அப்பாவின் கையை விடமாட்டாராம். அதை அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். அப்போது நான் கண்டதெல்லாம், அப்பா அந்த நாயை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதும், பிறகு யாரும் சொல்லாமலே குனிந்து சப்பாத்தைக் கழற்றியதும்தான்.

நாங்கள் வந்த காரணத்தை நான் விளக்கினேன். சித்தப்பா கவனமாகக் கேட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"இது வேதாகமத்திலை எங்கை இருக்கு, அண்ணை?"

"மத்தேயு, இரண்டாம் அதிகாரம்."

"அதிலை ஏரோது இருக்கிறான். இவள் இல்லையே!"

அவ்வளவுதான். ஏரோதில் பிடித்தார்கள். அங்கிருந்து வழக்கம் பெரிதா வசனம் பெரிதா என்று போய், மூன்று ராசாக்கள் உண்மையில் மூன்று பேர்தானா என்பதில் வந்து நின்றார்கள். குரல்கள் ஏறின. சித்தப்பா பெரிய வேதாகமத்தைக் கொண்டுவந்தார். அப்பா சட்டைப்பையில் இருந்து சிந்தனைப் புத்தகத்தை எடுத்தார். மேசை தட்டப்பட்டது. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது, ரோல்ஸ் இன்னும் எண்ணெயில்தான் கிடக்கிறது. சோபாவில் ஏறிக் கத்தினேன். நான் சொல்லும்வரை இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது!

இருவரும் உடனே கீழ்ப்படிந்தார்கள். அப்பா தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். சித்தப்பா நாயின் காதைத் தடவினார். ஒரு நிமிடம் போனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள், மணியடிக்கக் காத்திருக்கிற பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.

சித்தி கரண்டியோடு ஓடிவந்தார். "என்ன, சத்தத்தைக் காணேல்லை?"

நடந்ததைச் சொன்னேன். சித்தி குனிந்து என் காதில் சொன்னார்: "கதைக்க விடு, பிள்ளை. ரெண்டு வருசமாக் கதைக்கேல்லை."

ஆளுக்கு ஒரு ரோல்ஸ் தங்கள் பங்கில் இருந்து எனக்குத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலை கொடுத்தேன். இரண்டாவது ராசாவில் விட்ட இடத்தில் இருந்தே தொடங்கினார்கள்.

பின்னேரம் இருட்டத் தொடங்கியபோது புறப்பட்டோம். சித்தப்பா அந்தக் குளிரில் வீட்டுச் செருப்போடு கார்வரை வந்து, என் பக்கக் கண்ணாடிக்குள் குனிந்தார்.

"மகாராணியின்ரை ஆட்சி எத்தினை மணி வரைக்கும்?"

"படுக்கும் வரைக்கும்."

"அப்ப, வேறை கட்டளை ஏதும் இருக்கோ?"

அப்பா சாவியைப் போட்டுவிட்டார், திருப்பவில்லை. அம்மா முன் இருக்கையில் இருந்து திரும்பி என்னையே பார்த்தார். எல்லாரும் எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நன்றாக யோசித்தேன்.

"புது வருசத்துக்கு நாய் எங்கடை வீட்டை வரவேணும்."

சித்தப்பா நிமிர்ந்தார். "அது சின்னக் குட்டி. தனிய ரயில் ஏறி வராது," என்று என்னிடம்தான் சொன்னார். ஆனால் கண் அப்பாவிடம் இருந்தது. "ஆரும் கூட்டிக்கொண்டு வரவேணும்."

"கூட்டிக்கொண்டு வாறவை சாப்பிட்டிட்டுத்தான் போகலாம்," என்றார் அப்பா, முன் கண்ணாடியைப் பார்த்தபடி. "முதலாந்தேதி மாதாவின்ரை திருநாள். சிந்தனை வாசிப்பன்."

"மறுப்புச் சொல்லலாமோ?"

"சொல்லு."

"அப்ப வாறம், அண்ணை."

கார் நகர்ந்ததும் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எத்தனை பேருக்குச் சோறு போடுவது, யார் எங்கே படுப்பது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார். அப்பா கோயில் பாட்டொன்றை முணுமுணுத்தார். நான் நாயை மட்டும்தான் வரச் சொன்னேன் என்று இரண்டு தடவை நினைவூட்டிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு சின்னக் குட்டியைக் கொண்டுவர எதற்கு ஒரு குடும்பமே வரவேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை. இத்தனை பேர் வந்தால் நாய்க்கு எங்கே இடம் இருக்கப்போகிறது என்று மோர்டன் வரும்வரை கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.