ஒரு டம்ளர் திராட்சை

உலர்ந்த திராட்சையை டம்ளரில் அள்ளிப் போட்டு, கட்டைவிரலால் ஓர் அழுத்து. மேலே இன்னொரு பிடி. வாயும் நிற்காது, கையும் நிற்காது. டிசம்பர் பிறந்துவிட்டால் பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் சகாயமேரிக்கு இதுதான் வேலை, கேக்குக்குப் பழம் அளப்பது. டம்ளர் அவளுடைய கல்யாணச் சீர், பேர் வெட்டியது. வேறு டம்ளரை நீட்டினால், "அதுல காப்பி குடிங்க" என்பாள்.

தராசு கிடையாது, ஆனால் கிராம் கணக்கு அத்துப்படி. "திராட்ச டம்ளருக்கு நூத்தம்பது. அத்திப்பழம் மட்டும் கொறையும், உள்ள காத்த வெச்சிருக்கும் அது." நூற்றைம்பதுக்கு ஆதாரம் உண்டு. பல வருஷங்களுக்கு முன் மளிகைக் கடையில் நூற்றைம்பது கிராம் பொட்டலம் வாங்கி வந்து கொட்டினாள்; விளிம்பு வரை வந்து நின்றது. அன்றைக்குச் சொன்ன தீர்ப்பு, இன்றுவரை அப்பீல் இல்லை.

அந்தக் கணக்கில்தான் வம்பு வந்தது. எதிர்வீட்டு சுசித்ரா உப்பைக்கூட எடை போட்டுச் சமைக்கிறவள். போன வருஷம் செய்முறை கேட்டாள். மேரி டம்ளரையெல்லாம் கிராமாக மாற்றி, தாளில் எழுதிக் கொடுத்தாள். கேக் வந்தது, பழத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. "மேரியக்கா எதையோ மறைச்சுட்டாங்க" என்று சுசித்ரா தெருவில் சொல்லிவிட்டாள். அத்தோடு பேச்சு நின்றது. பால்காரர் வரும்போது இருவரும் அவரவர் வாசலில் நிற்பார்கள். ஒருத்தி வானத்தைப் பார்ப்பாள், ஒருத்தி பால் பாத்திரத்தைப் பார்ப்பாள். மேரிக்குச் சோறு இறங்கவில்லை. "மாதா சத்தியமா ஒரு கிராம்கூட மறைக்கலீங்க" என்று கணவரிடம் எத்தனை தரம் சொன்னாளோ!

கணவர் ராஜப்பன் புளி வியாபாரி. சில்லறைப் பாக்கெட் போட இந்த வருஷம் சின்னதாக ஓர் எலக்ட்ரானிக் தராசு வாங்கினார். மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். மேரி அளந்து வைத்திருந்த திராட்சையை அதில் கவிழ்த்தார். நூற்றி எண்பது.

"தராசு கெட்டுப்போச்சுங்க."

மேரி மறுபடி அளந்தாள். நூற்றி எண்பத்திரண்டு. அடுத்து ராஜப்பனே தளர அள்ளிப் போட்டு, விளிம்போடு வழித்துவிட்டு எடை பார்த்தார். அச்சாக நூற்றைம்பது. மேரியின் முகம் செத்துவிட்டது. "இன்னொருக்கா அள, பாப்போம்" என்றவர், இந்தத் தடவை தராசை விட்டுவிட்டு அவள் கையையே பார்த்தார். பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன் கட்டவெரலு முப்பது கிராம் மேரி! அத எழுதாம வுட்டுட்ட!"

மேரி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுத்துவது அவளுக்கே தெரியாது! பழம் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் எந்த வருஷமோ ஒட்டிக்கொண்ட பழக்கம். அடக் கடவுளே, இதற்கா ஒரு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தோம்!

"தாள்ல நூத்தியெம்பதுன்னு திருத்திக் குடுத்துடு, முடிஞ்சது" என்றார் ராஜப்பன்.

மேரி பேனாவைத் தேடவில்லை. டம்ளரையும் திராட்சைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். கதவைத் திறந்த சுசித்ரா வாயெடுப்பதற்குள், வாசற்படியிலேயே டம்ளரை நிரப்பினாள். பிறகு சுசித்ராவின் கையை வெடுக்கென்று இழுத்து, அவள் கட்டைவிரலைத் திராட்சைக்குள் ஓர் அழுத்து அழுத்தினாள்.